கம்ப்யூட்டர் பார்க்க வந்த பெண்

அத்தியாயம் பதினொன்று

ஸிந்துஜாவைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போன வாரம் நாம் வெளியே வந்தோம். மங்கை மகளின் பின்னலில் மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஆராவமுதன் ஜமக்காளத்தை ஒருமுறை விரித்து, அது கோணலாக இருப்பதாகத் தோன்றி, மறுபடி சுருட்டி விரித்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் நங்கநல்லூரிலிருந்து கிளம்பிவிட்டதாக போன் வந்திருந்தது. அதன் பிறகு உறவுக்காரர்கள் விசாரித்துத் தொல்லை செய்யக்கூடாது என்று மங்கை ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த ஒரு காரியத்தால்தான் அன்றைய ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போயிற்று என்று பிற்பாடு மங்கை சொல்லிக்கொள்வாள். அது உண்மையில்லை. தொடங்கியது நாலு மாதத்துக்கு முன்பு.

கல்லூரியில் கூடப் படித்த அபி ஒரு வேலையோடு வந்தாள். வாலாஜாபாத்தில் ஒரு சிறிய ஊழியக் குழு, பைபிள் படிக்கிறவர்களுக்காக ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தது. குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சின்ன ஊர்களில்கூட பிரவுசிங் சென்டர் வந்துவிட்டதால், அதை இணையதளமாக மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். தேடல், விளக்கம், குறிப்பு எல்லாவற்றுக்கும் புரோகிராம் எழுதுவது அபியின் பொறுப்பு. பக்கங்கள் எப்படித் தெரிய வேண்டும், எங்கே தொட்டால் என்ன வர வேண்டும் என்பதெல்லாம் ஸிந்துஜாவின் கையில்.

வீட்டில் அப்பா என்ன வேலை என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காலையில் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவித்துவிட்டு வந்து, திருமண் கலையாத நெற்றியோடு, தினசரியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். ஸிந்துஜாவின் வாயில் வந்தது ஒரு பட்டுக்கடை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு வெப்சைட் செய்கிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். அவ்வளவு சுலபமாகப் போயிற்று.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதுவரை செய்த எதுவும் அவ்வளவு பிடித்ததில்லை. குழு நடத்துகிற மாலை பைபிள் வகுப்புக்கு வருகிற பெண்களை பிரவுசிங் சென்டரில் உட்கார வைத்து, பின்னால் நின்று கவனித்தாள். ஒரு அம்மாள் திரையில் தெரிந்த வரைக்கும் படித்துவிட்டு அதிகாரம் முடிந்துவிட்டது என்று எழுந்தாள். கீழே இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸிந்துஜா அன்று வீட்டுக்கு வந்து எல்லாப் பக்கத்தையும் கலைத்தாள். இடப்பக்கம் வசனம், வலப்பக்கம் விளக்கம், அடியில் படிக்கிறவர் தன் குறிப்பை எழுத ஒரு பெட்டி. இழுக்காமல் ஒரே திரையில் அடங்கும்படி எல்லாம். நடுங்குகிற விரலுக்கும் தப்பாதபடி பெரிதாக ‘அடுத்த வசனம்’ என்று ஒரு பொத்தான். பழுப்புக் காகித நிறத்தில் பின்னணி. அபி பார்த்துவிட்டு, எங்க சர்ச்சுல எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க என்றாள்.

அந்தத் தளத்துக்கு இன்று மாலை வாலாஜாபாத்தில் திறப்பு விழா. அதே நாளில் இங்கே பெண் பார்க்கும் படலம். அபிக்கு இது தெரியும். நீ வர வேணாம், அங்க நான் பார்த்துக்கறேன் என்று சொல்லியிருந்தாள்.

*

வந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பையன் அச்சுத் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. மூத்தவன் அமெரிக்காவில். அவர்களுடைய அம்மா பெருந்தேவிக்கு வீடு நிறையும் குரல். இதே சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவள் என்பதால் வந்த உடனே தெருவில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். அவள் கணவர் பேசுகிற ரகமில்லை. பஜ்ஜியைப் பொறுமையாகப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஸிந்துஜா வந்து சேவித்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அச்சுத் ஒருமுறை பார்த்தான். அவளுக்கு அவனைப் பார்த்ததும் பிடிக்காமல் இல்லை.

பெண் என்ன வேலை செய்கிறாள் என்று பெருந்தேவி கேட்டாள். ஆராவமுதனுக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. பட்டுக்கடை வெப்சைட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு உடல் தனியாக, கரை தனியாக, முந்தானை தனியாகப் பார்க்கலாம், பிடித்த நிறத்தைத் தொட்டால் சேலையே மாறும் என்றார். அதெல்லாம் அவர் துருவிக் கேட்டபோது ஸிந்துஜா ஒவ்வொன்றாக இட்டுக்கட்டியது. அவள் வாயிலிருந்து வந்த பொய்கள் அப்பாவின் வாயில் மெருகேறிக் கூடத்தில் வலம் வந்தன. அவள் ஜமக்காளத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பெருந்தேவிக்குத் திருப்தி. வேலை என்றால் இப்படிக் கௌரவமாக இருக்க வேண்டும் என்றாள். அவள் ஒன்றுவிட்ட அக்கா பெண் ஏதோ ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாளாம். முதலில் வேலை, பிறகு சிநேகிதம், கடைசியில் கல்யாணமே அங்கே. ‘‘நாம எங்க போய் உக்கார்றோம்னு நாமதான் பார்த்துக்கணும்,’’ என்று முடித்தாள்.

அப்போதுதான் வாசலில் மொபெட் நின்ற சத்தம் கேட்டது. எப்போதும் வருகிற மாதிரி செருப்பை உதறிவிட்டு, ‘‘ஸிந்து’’ என்று கூப்பிட்டுக்கொண்டே அபி உள்ளே வந்தாள்.

கூடம் நிறைய ஆட்களைப் பார்த்ததும் நிலைப்படிக்கு உள்ளே அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் மாலையில்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. முகமெல்லாம் வியர்வை. மங்கைக்கு அவளை நன்றாகத் தெரியும். எத்தனையோ மதியம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறாள். ஆராவமுதன் அந்த வேளைகளில் கோயிலில் இருப்பார். அவளை அவர் பார்த்ததில்லை.

‘‘சாரிமா, போன் போட்டுக்கினே இருந்தேன், கிடைக்கல,’’ என்று மங்கையிடம் சொல்லிவிட்டு, அபி ஸிந்துஜாவைப் பார்த்தாள். ‘‘சைட்டுல எழுத்து வரல. அட்ரஸ் மாத்தினோம்ல, ஃபான்ட் ஒத்துக்கல. எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது. ஃபான்ட் ஃபைல் உன் மெஷின்லதான் இருக்குது. சாயங்காலத்துக்குள்ள மாத்தணும்.’’

ஆராவமுதன் ஆர்வமாக நிமிர்ந்தார். ‘‘எந்த சைட்டு? பட்டுக்கடை சைட்டா?’’

‘‘பட்டுக்கடையா?’’ என்றாள் அபி, புரியாமல்.

அடுத்த வார்த்தையை அவள் பேசிவிடுவாள். அப்பா இவ்வளவு நேரம் பேசியது இத்தனை பேர் முன்னால் பொய்யாகிவிடும். பெருந்தேவியின் கண் அபியின் வெறும் நெற்றியில் இருந்தது. ஸிந்துஜா இதையெல்லாம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசியது.

‘‘நம்ம கம்ப்யூட்டர்ல எழுத்து சரியா வரலைப்பா. நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ரிப்பேர் பண்ற பொண்ணு.’’

மங்கையின் தலை சட்டென்று திரும்பியது.

பெருந்தேவிக்கு வேடிக்கையாக இருந்தது. ‘‘பொண்ணே ரிப்பேர் பண்றாளா? பேஷ். உன் பேரென்னம்மா?’’

‘‘அபி...’’

‘‘அபிராமி,’’ என்றாள் ஸிந்துஜா.

அவளுடைய பெயர் அபிகாயில். சான்றிதழில், வருகைப் பதிவில், மேடையில் கூப்பிட்ட பரிசளிப்பில் எல்லாம் அதுதான். அபி ஸிந்துஜாவைப் பார்த்தாள். கோபமில்லை. தெருவில் தெரிந்தவர் என்று நினைத்துக் கூப்பிட்டு, திரும்பிய முகம் வேறு யாருடையதோ என்று கண்டால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு, ‘‘கம்ப்யூட்டர் எங்க இருக்குதுமா?’’ என்று கேட்டாள். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இந்த வீட்டில் யாரையும்விட நன்றாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் கூடத்து மூலையில், டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது. மங்கை பூத்தையல் போட்ட துணியால் அதை மூடி வைத்திருந்தாள். அபி துணியை மடித்து வைத்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கீழே கிடந்த ரிசீவரை எடுத்துச் சரியாக வைத்து, இணைப்பு கொடுத்தாள். மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. பெருந்தேவியின் பக்கம் தெரியாதபடி மானிட்டரைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸிந்துஜா கேட்காமலே அதைச் செய்தாள்.

பேச்சு தொடர்ந்தது. பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். ஸிந்துஜா ஒரு பாட்டுப் பாடினாள். அவள் பாட, மூலையில் விசைப்பலகை தட்டுகிற ஓசை தாளத்துக்குப் பொருந்தாமல் ஓடியது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அபி திரும்பவில்லை.

அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது கொடுங்கள் என்று பெருந்தேவிதான் சொன்னாள். மங்கை காபி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் வெள்ளி டம்ளரில் கொடுத்தவள், அபிக்கு வாசலில் தபால்காரருக்கும் கேஸ்காரருக்கும் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். ரிப்பேர் செய்ய வந்தவளுக்கு வெள்ளி டம்ளர் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தாளோ, அதைக்கூட நினைக்கவில்லையோ. அபி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். குடிக்கவில்லை.

அச்சுத் கைகழுவ எழுந்து போனவன் திரும்பி வரும்போது மூலைப்பக்கமாக நடந்து வந்தான். திரையை ஒரு நொடி பார்த்தான். பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தான்.

வேலை முடிந்து அபி எழுந்து, துணியைப் பழையபடி போர்த்தினாள்.

‘‘எவ்வளவு ஆச்சும்மா?’’ என்று கேட்டாள் மங்கை.

‘‘அப்புறம் வாங்கிக்கிறேம்மா,’’ என்றாள் அபி. ஸிந்துஜாவிடம், ‘‘இப்ப எழுத்து வருது,’’ என்று மட்டும் சொன்னாள். மொபெட் முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டு மூன்று தடவை உதைக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

*

பையனும் பெண்ணும் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று பெருந்தேவியே சொன்னாள். மொட்டை மாடியில் வடாம் காய்ந்த பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. அச்சுத் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். பெங்களூர் பிடிக்குமா, மேலே படிக்க ஆசை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

‘‘ஸ்க்ரீனைப் பார்த்தேன். பைபிள் சைட்தானே? லேஅவுட் ரொம்ப க்ளீனா இருந்தது. நீங்க பண்ணினதா?’’

அவள் தலையை ஆட்டினாள்.

‘‘பயப்படாதீங்கோ. அம்மா பார்க்கலை. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை. ஆனா நீங்க சமாளிச்சேளே, அதுதான் எனக்குப் பிடிச்சது. ஸ்க்ரீன்ல அபிகாயில்னு இருந்தது, நீங்க ஒரு செகண்ட்ல பேரையே மாத்திட்டேள். எங்காத்துக்கு இந்த சாமர்த்தியம் ரொம்பத் தேவைப்படும்.’’

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. அவளும் கூடச் சிரித்தாள்.

மாடிப்படி இறங்கும்போதுதான் தான் சிரித்தது அவளுக்கு உறைத்தது. கீழே இருட்டுப் படியில் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் சொன்ன பொய்க்குப் பயம் என்று ஒரு காரணம் இருந்தது. இந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் சொல்வாள்?

அவர்கள் போனதும் ஆராவமுதன் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஸிந்துஜா பட்டுப் புடவையைக் களைந்து, சுடிதார் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். மங்கை அந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காபியில் ஆடை படிந்திருந்தது.

‘‘என்னடி செஞ்சே நீ?’’ என்றாள். உடனே, ‘‘நானும்தான் செஞ்சேன். எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேனே. என் வாயாலே கேட்டேனே,’’ என்று டம்ளரைத் தொட்டிமுற்றத்தில் கவிழ்த்தாள்.

ஸிந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள். பட்டுக்கடை இல்லை என்பது, நாலு மாதமாகச் செய்த வேலை என்ன என்பது, அச்சுத் மாடியில் பேசியது. பைபிள் என்ற வார்த்தை வந்தபோது மங்கை ஒருமுறை கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கடைசியில், வாலாஜாபாத்துக்குப் போய் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் மகள். அப்பா எழுந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றாள் மங்கை.

‘‘வேண்டாம்மா. இனிமே யாரும் எனக்காக ஒண்ணும் சமாளிக்க வேண்டாம்.’’

*

வாலாஜாபாத் பஸ் ஐயம்பேட்டை வரைக்கும் நெரிசலாக இருந்தது. அதற்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துப் பார்த்தாள். எந்த வாக்கியமும் முடியவில்லை. பயந்துவிட்டேன் என்பதில் தொடங்கி ஒவ்வொன்றும் எங்கேயோ போய்த் தன் பக்கம் நியாயம் பேச ஆரம்பித்தது.

கூட்டம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடந்தது. வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே இடமில்லாமல் சன்னலோரமெல்லாம் ஆட்கள் நின்றிருந்தார்கள். சுற்று வட்டாரத்துப் போதகர்கள், மாலை வகுப்புப் பெண்கள், குழந்தைகள். வெள்ளை வேட்டியைச் சுவரில் இழுத்துக் கட்டி, அதில் புரொஜெக்டரால் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பழுப்புப் பின்னணி அவ்வளவு பெரிதாக விரிந்து நிற்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். எழுத்துகள் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன. அபி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, யாரோ கேட்ட வசனத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிரவுசிங் சென்டரில் பாதியில் எழுந்துபோன அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளுக்குப் பொத்தானைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

போதகர் ராஜவேலு மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். புரோகிராம் எழுதிய நம் சபைப் பெண் அபிகாயில் என்று முழுப் பெயரைச் சொன்னார். பிறகு சற்று நிறுத்தி, ‘‘பக்கங்களையெல்லாம் இவ்வளவு அழகா அமைச்சுக் குடுத்தவங்க ஒரு சகோதரி. பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டதால சொல்லல. அவங்களுக்காகவும் கைதட்டுங்க,’’ என்றார்.

கைதட்டினார்கள். நிறைய நேரம் தட்டினார்கள். ஸிந்துஜா வாசலோரம், செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைக் கேட்டாள். அவள் யாரிடமும் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் அபியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இவளைக் காப்பாற்ற.

யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். அபியின் அம்மா பொன்னியம்மாள்.

‘‘வந்துட்டியாமா? வூட்ல விசேஷம், வர முடியாதுன்னு அபி சொல்லுச்சே,’’ என்று அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ‘‘அந்த அவசரத்துலயும் எம்பொண்ண சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினாங்களாமே உங்கம்மா. பாயசம்லாம் வச்சாங்கன்னு சொல்லுச்சு. வூட்ல சோறு வேணாம்னுடுச்சு, வயிறு ரொம்பிடுச்சுன்னு.’’

ஸிந்துஜாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரில் தெரிந்த தன்னுடைய பக்கத்தையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நின்றாள். அப்படியென்றால் அபி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று, நடந்ததைப் பாயசமாக மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு கூடத்துக்குப் பின்னால் கைப்பம்புப் பக்கம் அபி வந்தாள். ஒயர்களைச் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். ஸிந்துஜா பஸ்ஸில் கோத்ததெல்லாம் மறந்துபோய், தப்புப் பண்ணிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அபி ஒயரை மறுபடி பிரித்துச் சுற்றினாள்.

‘‘ரிப்பேர் பண்ற பொண்ணுன்னு சொன்னியே, அது கூடப் பரவால்ல ஸிந்து. நீ பயந்துட்டன்னு புரிஞ்சிச்சு. பேரை ஏன் மாத்தின?’’

ஸிந்துஜா கைப்பம்பின் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

‘‘மெட்ராஸ்ல ரூம் தேடிக்கினு இருந்தப்ப நானே அபிராமின்னு சொல்லியிருக்கேன். தெரியுமா? மூணு வூட்ல சொல்லியிருக்கேன். நானா சொன்னா அது என் கஷ்டம். அன்னிக்கு ராத்திரியெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனா உன் வாயிலேர்ந்து வந்துச்சு பாரு, யோசிக்காமக்கூட. ரெடியா இருந்த மாதிரி வந்துச்சு. இத்தினி வருசமா உனக்குள்ள என்னை அந்தப் பேர்லதான் வச்சிருந்தியான்னு ஆயிடுச்சு.’’

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஸிந்துஜாவுக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும்.

‘‘அவர்கிட்ட... அந்தப் பையன்கிட்ட சிரிச்சேன் அபி. நீ போனப்புறம். நான் சமாளிச்சதைப் பத்தி அவர் சொன்னார். நானும் சேர்ந்து சிரிச்சேன்.’’

‘‘இதை ஏன் என்கிட்ட சொல்ற?’’

‘‘தெரியலை. சொல்லாம இருக்க முடியலை.’’

அபி ஒயரின் நுனியைச் செருகி முடித்தாள். நாளைக் காலையில் தளம் எல்லோருக்கும் திறந்துவிடும் என்றாள். கடைசிப் பக்கத்தில் செய்தவர்களின் பெயர் இருக்கிறது. ஸிந்துஜாவின் பெயரை மதியம் எடுத்துவிட்டாள். ‘‘திரும்பப் போடட்டுமா வேணாமா, நீ சொல்லு. ஆனா இங்க நின்னுக்கினு சொல்லாத. உங்கப்பா முன்னால நின்னு யோசிச்சுட்டு சொல்லு. நாளன்னிக்கு எடுத்துடுன்னு வந்து நிக்கக்கூடாது.’’

உள்ளே பொன்னியம்மாள் கூப்பிட்டாள். அபி போய்விட்டாள். சாப்பிடு என்று சொல்லக்கூடத் தனக்கு வாயில்லை என்று ஸிந்துஜா நினைத்துக்கொண்டாள்.

*

வீட்டுக்குள் நுழையும்போது விளக்கேற்றியிருந்தது. ஆராவமுதன் டெலிபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ரிசீவரைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, வா வா என்று கையை ஆட்டினார். மங்கை தூணோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ என்று ஸிந்துஜாவுக்குப் புரிந்துவிட்டது.

‘‘பெருந்தேவி மாமி லைன்ல இருக்கா. அவாளுக்குப் பூரண சம்மதமாம்,’’ என்று ஆராவமுதன் மகளிடம் சொன்னார். கண் பளபளத்தது. ‘‘அமெரிக்காவிலே இருக்கிற மூத்த பிள்ளைகிட்ட உன் பட்டுக்கடை சைட்டைப் பத்திச் சொன்னாளாம். அவர் உடனே பார்க்கணும்கறாராம். மாப்பிள்ளை அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ங்கறார், மாமிதான் விடமாட்டேங்கறா. அட்ரஸ் என்னம்மா? நீ ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு, நான் மாமிக்குச் சொல்றேன்.’’

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பதிலேயே அவருக்கு ஒரு ருசி இருந்தது.

தப்பிக்க வழி இருந்தது. கடைக்காரர் இன்னும் திறக்கவில்லை என்றால் போதும். நாலு மாதப் பழக்கத்தில் அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அச்சுத் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு செகண்ட் போதும் அவளுக்கு.

‘‘டபிள்யூ மூணு தடவை, அப்புறம் புள்ளி,’’ என்றாள் ஸிந்துஜா.

‘‘டபிள்யூ மூணு தடவையாம், புள்ளி,’’ என்று அவர் ரிசீவருக்குள் சொன்னார்.

‘‘பி.’’

‘‘பி. பாம்பே பி.’’

‘‘ஐ.’’

‘‘ஐ.’’

‘‘இன்னொரு பி.’’

‘‘மறுபடியும் பி மாமி. ஆமாம், அதே பி.’’

மங்கை தூணிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். மகளைத் தடுக்கப் போகிறாளா, பக்கத்தில் வந்து நிற்கப் போகிறாளா என்று தெரியவில்லை. பாதியில் நின்றுவிட்டாள்.

‘‘எல். இ,’’ என்றாள் ஸிந்துஜா.

‘‘எல்...’’ என்று தொடங்கியவர் அதோடு நின்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். எழுத்துக் கூட்ட அவருக்கு யாரும் உதவ வேண்டியதில்லை. ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். அதட்டவில்லை.

‘‘இது எந்தப் பட்டுக்கடை ஸிந்து?’’

‘‘பட்டுக்கடையே இல்லப்பா. எப்பவுமே இருந்ததில்லை. காலையிலே வந்தாளே, அவ ரிப்பேர் பண்ற பொண்ணும் இல்லை. என் சிநேகிதி. அவ பேர் அபிகாயில்.’’

அவர் முகம் மகளின் கண்ணெதிரில் வற்றியது. காலையில் கூடத்தில் தான் சொன்னதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உடல் தனி, கரை தனி, முந்தானை தனி. அவள் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொத்திய கைக்குள்ளிருந்து பெருந்தேவியின் குரல் சன்னமாகக் கேட்டது. எல்லுக்கு அப்புறம் என்ன எழுத்து, லைன் கட்டாயிடுத்தா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆராவமுதன் ரிசீவரிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.